விழுந்தவளைச் சுற்றி நின்றவர்கள்

அசையாமல் படுங்கக்கா, முப்பது நிமிஷந்தான் என்கிறாள் பர்வீன். ரவிக்கைக்கு அளவெடுக்கிற மாதிரி அளவு நாடாவை என் மூக்குத்தண்டிலிருந்து பின்மண்டைவரை ஓட்டி, சிவப்புப் பென்சிலால் மண்டை முழுக்கப் புள்ளி குத்தி, ஒவ்வொரு புள்ளியிலும் சொரசொரப்பாக எதையோ தேய்த்து, வெள்ளைப் பசையை அப்பி, ஒவ்வொரு பசைக்கும் ஒரு வயரை ஒட்டியிருக்கிறாள். இருபத்தொரு வயர். எண்ணினேன். பதின்மூன்று வயதில் முதல் தடவை இப்படிப் படுத்தபோது ஷாக் வைக்கப்போகிறார்கள் என்று அழுதது ஞாபகம் வருகிறது. இது எதையும் உள்ளே அனுப்பாது, உள்ளே ஓடுவதை எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், ஒரு வரிதானே. இதைப் படத்தில் வைக்க வேண்டும், வலிப்பைப் பற்றி நான் எடுக்கப்போகிற படத்தில். பர்வீன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தட்டுகிறாள். மீனலோசனி, வயசு முப்பத்தாறு, சரி. "என்ன வேலைக்கா?" "கல்யாண வீடியோ எடுக்குறேன்." "அட! மதுரையிலயா? கடைசியா எப்ப வந்துச்சு?" "ரெண்டு வருஷம் நாலு மாசம் ஆச்சு." "எங்க வெச்சு?" "கல்யாண மண்டபத்துல. பந்தியில." அவள் விரல் ஒரு நொடி நின்று, பிறகு மறுபடி தட்டுகிறது. பந்தி என்றதும் எல்லோருக்கும் இந்த ஒரு நொடி வேண்டியிருக்கிறது. சாப்பாடும் இலையும் நுரையும் ஒரே படத்தில் அவர்களுக்குள் ஓடி முடிய ஒரு நொடி. நான் பழகிவிட்டேன். பொறுமையாகக் காத்திருப்பேன்.

கண்ணை மூடச் சொல்கிறாள். மூடினேன். நல்லது, முப்பது நிமிடம் யாரும் என்னைக் கூப்பிட முடியாது, போன் அணைந்து பைக்குள் கிடக்கிறது, இந்த முப்பது நிமிடத்தில் படத்தை முதலிலிருந்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம். படம் இருபது நிமிடம். அதில் சந்தேகமே இல்லை. இருபத்தொன்றாவது நிமிடத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நெளிவார்கள், பணிமனையில் போட்டால் டிரைவர்கள் பீடிக்கு எழுந்து போவார்கள். பள்ளிக்கூடம், பணிமனை, மண்டபம், ஆட்கள் கூடுகிற எல்லா இடத்திலும் போட வேண்டிய படம் இது, அரங்கத்துக்கு எடுப்பதல்ல. முதல் காட்சிக்குத்தான் சகாயத்தோடு ஒரு மாதமாகச் சண்டை. சகாயமேரி என் இரண்டாவது கேமரா, பதினோரு வருடமாக நான் மேடையை எடுத்தால் அவள் கூட்டத்தை எடுப்பாள். "ஒரு பொண்ணு ரோட்டுல நடந்து வர்றா, அப்படியே விழுறா, கட். அதுலதாண்டி சனம் உக்காரும்" என்கிறாள். நடிக்க ஆள்கூடப் பார்த்து வைத்துவிட்டாள். முடியாது என்றேன். விழுகிறதை நடித்துக் காட்டினால் ஜனம் விழுகிறதைத்தான் பார்க்கும். சினிமாவில் பார்த்தது போதாதா, கண்ணை மேலே சொருகி, கையை முறுக்கி, நுரை தள்ளி, அப்புறம் ஒரு பின்னணி இசை. அந்த இசை எனக்குக் கேட்டதே கிடையாது. எனக்கு நடப்பதெல்லாம் இதுதான்: இடது கைச் சுண்டுவிரலில் எறும்பு ஊறும், எறும்பு மணிக்கட்டுக்கு ஏறும், முழங்கைக்கு ஏறும், தோளுக்கு வருவதற்குள் எனக்கு உட்காரத் தோன்றும், உட்கார்ந்தேனா இல்லையா என்பது தெரியாது. அடுத்து யாரோ ஒருவருடைய கால்கள் தெரியும். நடுவில் இருப்பது எனக்குச் சொந்தமில்லை. அது சுற்றி நின்றவர்களுக்குச் சொந்தம். என் வாழ்க்கையின் முக்கியமான நிமிடங்களை எல்லாம் மற்றவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள், நான் பார்த்ததில்லை. "திறங்க" என்கிறாள் பர்வீன். திறந்தேன். மேலே மின்விசிறியின் நடு மூடியில் ஒரு பல்லி. "மூடுங்க."

செல்லக்கனி அக்கா நேற்றுச் சாயங்காலம் போன் பண்ணாமல் இருந்திருந்தால் இப்போது நான் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. படமே அவரை நம்பித்தான் இருந்தது. நாற்பத்தாறு வயது, ஜெய்ஹிந்த்புரத்தில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் தைக்கிறவர், இதே மருத்துவர் வாசலில் மாத்திரைச் சீட்டோடு உட்கார்ந்திருந்தபோது பழக்கம். அடுப்படியில் விழுந்து வலது முழங்கை வெந்தது, மூன்றாவது தடவை வந்ததும் புருஷன் ஒரு துணிப்பையோடு ஊருக்குப் போனவர் திரும்பாதது, இரண்டு வயசுப் பெண்ணை மிஷினுக்குப் பக்கத்தில் தூளி கட்டி ஆட்டி வளர்த்தது, எல்லாவற்றையும் ஒரு நாள் கேமராவுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக்கொண்டே சொன்னார். அப்படிப் பேசத் தெரிந்தவர்கள் கோடியில் ஒருத்தர். சோதனைக்கு எடுத்ததுதான் அது, ஆனால் எடுக்கும்போதே தெரிந்துவிட்டது, படம் இதுதான் என்று. நேற்று போனில் வேறு குரல். "ஏத்தா லோசனி, கோவிச்சுக்கிறாத. பாப்பாவுக்கு அருப்புக்கோட்டையில எடம் கூடி வந்திருக்கு. என் மொகம் அதுல வர வேணாம்." "அக்கா, நீங்கதானே சொன்னீங்க, மறைச்சு மறைச்சுத்தான் இப்படி ஆச்சுன்னு?" "சொன்னேன். இப்பவும் அதான் சொல்லுறேன். ஆனா அவங்க என்னையவா கேப்பாங்க? ஒனக்கும் வருமான்னு எம்புள்ளையக் கேப்பாங்க. அவ என்னத்தச் சொல்லுவா?" நான் உடனே மருத்துவம் பேசினேன். எல்லாருக்கும் அப்படி வராதுக்கா, டாக்டரே சொல்லியிருக்கார்ல என்றேன். "எனக்குத் தெரியும்த்தா. அருப்புக்கோட்டைக்குத் தெரியாதே" என்றார். அதற்குத்தானே படம் என்று கத்தலாம் போல இருந்தது. கத்தினேனா? கொஞ்சம் கத்தினேன். ஒரு வருஷமா வேலை பார்த்திருக்கேன்க்கா என்றேன். என்ன ஒரு வார்த்தை. அவர் இருபத்தோரு வருஷம் வேலை பார்த்திருக்கிறார், அந்தப் பெண்ணை வளர்த்து. போனை அவர்தான் வைத்தார், மெதுவாக. மெதுவாக வைத்தால் சத்தம் வராது, ஆனாலும் எனக்குக் கேட்டது.

எனக்கு அவர் மேல் கோபப்பட உரிமை கிடையாது, அது எனக்கே தெரியும், இருபத்து நான்கு வயதில் என்னைப் பார்க்க வந்தார்களே திருமங்கலத்திலிருந்து. அண்ணன் அன்றைக்குக் காலையில் என் மாத்திரை டப்பாவை எடுத்து அரிசி டிரம்முக்குள் வைத்தான். அம்மா அந்த வார்த்தையை வீட்டில் சொன்னதே இல்லை, எப்போதும் மயக்கம் என்பாள், அதையும் பாதி சத்தத்தில். வலிப்பு என்று சொன்னால் வலிப்பு வந்துவிடும் என்று ஒரு நினைப்பு. வந்தவர் நல்ல மாதிரிதான், தனியாகப் பேசச் சொன்னபோது மாடியில் துணி காய்கிற கொடிக்குக் கீழே நின்று என்ன படிக்கப் பிடிக்கும் என்று கேட்டார். எனக்கு வலிப்பு நோய் இருக்கு, மாத்திரை சாப்பிடுறேன், அரிசி டிரம்முக்குள்ள இருக்கு என்றேன். அரிசி டிரம்மைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் சிரித்தார், நிஜமாகவே சிரித்தார், இரண்டு நிமிடம் எனக்கு அவரைப் பிடித்துக்கூட இருந்தது. நாலு நாள் கழித்து ஜாதகம் சேரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு அன்று ராஜாத்தி மாதிரி இருந்தது என்பதுதான் வேடிக்கை, வாயில் இருந்த கல்லைத் துப்பிய மாதிரி. ஆனால் நான் தனி ஆள். எனக்கு விலை நான் மட்டும் கொடுத்தால் போதும். செல்லக்கனி அக்காவுக்கு அப்படி இல்லை. பல் ஞாபகம் வருகிறது. வாயில் கல் என்றதும் பல். எட்டாவது படிக்கும்போது காலை வழிபாட்டு வரிசையில் விழுந்தேன், உடற்பயிற்சி சார் ஸ்கூட்டர் சாவியைக் கையில் திணித்தாராம், சத்துணவுக் கூடத்திலிருந்து யாரோ கரண்டி எடுத்து வந்து பல்லுக்கு நடுவில் நுழைத்தார்களாம். நாக்கைக் கடித்துவிடக் கூடாதாம். முன்பல் பாதி அன்றைக்குப் போனது. இப்போதும் நாக்கு அங்கே போய்த் தடவிப் பார்த்துவிட்டு வருகிறது. இருபத்து மூன்று வருடம் உதட்டை மூடிச் சிரித்திருக்கிறேன். அந்தக் கரண்டியைக் கொண்டுவந்தவர் பாவம், என்னைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்திருப்பார், அவர் வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார். கெட்டவர் யாருமே இல்லை. அதுதான் இந்தப் படத்தின் கஷ்டம், அதுதான் இந்தப் படத்தின் நம்பிக்கையும். கெட்டவர்களைத் திருத்த என்னிடம் படமில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்ல இருக்கிறது.

"இப்ப மூச்சை நல்லா இழுத்து இழுத்து விடணும்க்கா. மூணு நிமிஷம். நான் சொல்லுற வரைக்கும் நிறுத்தக் கூடாது." இதுதான் எனக்குப் பிடிக்காத பகுதி. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. வேண்டுமென்றே அதை வாசல் வரைக்கும் கூப்பிட்டுப் பார்க்கிற சோதனை. அதற்குத்தான் செய்கிறார்கள், வந்தால் இங்கேயே வரட்டும், வயரில் பதியட்டும் என்று. "இன்னும் நல்லா, ஊதுற மாதிரி." இழுத்து, விட்டு. நெஞ்சு காய்கிறது, உதடு மரத்துப்போகிறது. ஷூட்டிங் நாளில் வந்துவிட்டால்? சகாயம் இருக்கிறாள். சகாயத்துக்குத் தெரியும். ஆனாலும் வந்துவிட்டால், எடுக்கப்படுகிறவர்கள் முன்னால், இவளே இப்படி இவள் என்ன நமக்குச் சொல்வது என்று நினைத்துவிட்டால்? நினைக்கட்டும், இவளே இப்படி என்பதால்தானே சொல்கிறாள். இழுத்து, விட்டு. "ஒரு நிமிஷம் ஆச்சு." ஒரு நிமிடம்தானா. இடது கைச் சுண்டுவிரல். சுண்டுவிரலில் எறும்பு. இல்லை, பயம். இல்லை, எறும்புதான், எனக்குத் தெரியாதா, இத்தனை வருடமாகப் பார்த்த எறும்பு. மணிக்கட்டுக்கு வருகிறது. பர்வீனிடம் சொல்ல வேண்டும், சொன்னால் மூச்சு நிற்கும், இழுத்து, விட்டு, இரண்டு வருடம் நாலு மாதம், இன்றோடு எண்ணிக்கை ஒன்றிலிருந்து மறுபடி, மாத்திரையைக் குறைக்கலாம் என்று டாக்டர் சொன்னதெல்லாம் போச்சு, கொண்டை மாதிரி இருபத்தொரு வயரோடு இந்தக் கட்டிலில், இழுத்து, விட்டு, இரு. இரு. வலது கை. வலது கை என்ன சொல்கிறது? வலது சுண்டுவிரலிலும் இருக்கிறது. வலது மணிக்கட்டிலும் இருக்கிறது. உதட்டிலும் இருக்கிறது. என் எறும்பு வலது பக்கம் போகாது, ஒருநாளும் போனதில்லை, அது இடது பக்கத்து எறும்பு. இரண்டு கையிலும் இருந்தால் இது மூச்சு. வெறும் மூச்சு. "கை ரெண்டும் மதமதன்னு இருக்கா? எல்லாருக்கும் இருக்கும்க்கா, பயப்படாதீங்க, இன்னும் முப்பது செகண்டு" என்கிறாள் பர்வீன், திரையைப் பார்த்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்தால் அலையெல்லாம் கோணிப்போகும் என்று அடக்குகிறேன். என் உடம்பை எனக்குத் தெரிந்திருக்கிறது. இருபத்து மூன்று வருடத்தில் இதைக் கூடவா கற்றுக்கொண்டிருக்க மாட்டேன். "போதும். சாதாரணமா மூச்சு விடுங்க."

சாதாரணமாக விடுகிறேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் நிறுத்துகிற சத்தம், எங்கோ குக்கர் விசில். பதினொன்றரை இருக்கும். இனிமேல் அந்த இரண்டு நிமிடம் நாற்பது விநாடியைப் பற்றி யோசிக்கலாம், இவ்வளவு நேரமாக அதைச் சுற்றிச் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கிறேன். அந்த மண்டபத்தில் நான் விழுந்தபோது என் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பந்தி முழுக்க ஒரே சட்டத்தில் வரட்டும் என்று கடைசியில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, வழியில் கிடந்த ஒரு பெஞ்சை நகர்த்த முன்னால் போனேன். அங்கேயே விழுந்தேன், சரியாகச் சட்டத்தின் நடுவில். கண் விழித்தது சாமான் அறையில், பூசணிக்காய் மூட்டைக்குப் பக்கத்தில், சகாயத்தின் மடியில். பெண் வீட்டார் கௌரவமாகத்தான் சொன்னார்கள், நீங்க வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்கம்மா, மிச்சத்த வேற ஆள வெச்சுப் பார்த்துக்கிறோம். யாரோ ஒரு கிழவர் மட்டும் முகூர்த்தம் முடிஞ்சதே பெரிய விஷயம் என்றார். அந்தத் துண்டு அப்படியே கணினியில் கிடந்தது. அழிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. ஆயிரம் கல்யாணத்தை வெட்டி ஒட்டியவள் நான், இரண்டு நிமிடம் நாற்பது விநாடியைத் திறக்க முடியவில்லை. திறக்காமலே அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். முகத்தைச் சுளிக்கிறவர்கள், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள், சாப்பாட்டை விட்டு எழுந்திருக்கிறவர்கள், செல்போனில் எடுக்கிறவர்கள். எத்தனையோ தடவை மனசுக்குள் அதை எடுத்து, வெட்டி, ஓட்டிப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கேவலமாக. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சகாயம் வீட்டுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நான் அதைப் பார்த்துட்டேண்டி. போன வருஷமே பார்த்துட்டேன். நீ பார்க்கணும்." "பார்க்க மாட்டேன்." "நீ நெனைக்கிறது அதுல இல்ல. சத்தியமா இல்ல. நான் என்னைக்காவது ஒனக்குப் பொய் சொல்லியிருக்கேனா?" நிறையச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவள் கை என் தோளில் இருந்தது. பார்த்தேன்.

"இப்ப லைட்டு போடுவேன்க்கா, பளிச்சு பளிச்சுன்னு வரும். கண்ணை மூடியே வெச்சுக்கங்க." மூடிய இமைக்குமேல் சிவப்பு வெடிக்கிறது. மெதுவாக முதலில், நின்று, பிறகு வேகமாக. மண்டபத்தில் போட்டோக்காரர்களின் ஃபிளாஷ் மாதிரி, எத்தனை முகூர்த்தத்தில் இதைவிட அதிகமாகப் பார்த்திருப்பேன், இது எனக்கு ஒன்றும் செய்யாது. சிவப்புக்கு நடுவில் அந்தத் துண்டு ஓடுகிறது. நான் பெஞ்சைப் பிடிக்கிறேன், விடுகிறேன், சரிகிறேன். அதுவரைக்கும்தான் நான் என்னைப் பார்த்தேன், பிறகு என் கண் என்னை விட்டுச் சுற்றியிருந்தவர்களிடம் போய்விட்டது, தொழில் புத்தி. பட்டுவேட்டி கட்டிய ஒருவர் சாவிக்கொத்தோடு ஓடி வருகிறார். ஒரு பையன் செல்போனைத் தூக்குகிறான், அவன் அம்மா அவன் கையில் ஒரு அடி போட்டு இறக்குகிறாள். ஒரு வரிசை அப்படியே எழுந்து நிற்கிறது, இன்னொரு வரிசைக்கு என்ன நடந்தது என்றே தெரியாமல் ரசம் கேட்கிறது. சட்டத்தின் இடது பக்கத்திலிருந்து ஒரு அம்மா வருகிறாள், எச்சில் இலை எடுக்கிற அம்மா, இடுப்பில் கூடை. கூடையை இறக்கி வைக்கிறாள். கையைச் சேலையில் இரண்டு பக்கமும் துடைக்கிறாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வருகிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து என்னை ஒருக்களித்துப் படுக்க வைக்கிறாள். கழுத்தில் மாட்டியிருந்த என் இன்னொரு கேமராவின் வாரைத் தலைக்கு மேலே கழற்றி அப்பால் வைக்கிறாள். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டித் தலைக்கடியில் தருகிறாள். பட்டுவேட்டிக்காரர் குனிகிறார், அவர் கையில் இப்போது ஒரு கரண்டி. அவள் ஒரு கையை நீட்டி அவரைத் தடுக்கிறாள், இலை எடுக்கிற கை, பட்டுச் சட்டையின் நெஞ்சில். அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அவள் குரல் பதிந்திருக்கிறது. "வாயில ஒண்ணும் வெக்காதீக. அமுக்காதீக. தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்." பிறகு அவள் நிமிர்ந்து மேலே பார்க்கிறாள், எதையோ தேடி, சுவரில் இருந்த கடிகாரத்தை. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கை என் முதுகில். மண்டபமே நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது. அவளுக்கு அவசரமில்லை. என் கால் ஓய்கிறது. அவள் என் காதருகே குனிந்து எதையோ சொல்கிறாள். அது பதியவில்லை. சகாயம் ஓடி வருகிறாள், சட்டம் முழுக்க அவள் முதுகு, அதோடு முடிகிறது. நான் அழுதேன் என்று சகாயம் சொல்கிறாள். எனக்குத் தெரிந்தது, நான் திரும்ப முதலிலிருந்து போடு என்றேன், ஏழு தடவை.

அவள் பெயர் பஞ்சவர்ணம். சமையல்காரரைப் பிடித்து, அவர் மூலமாகக் கூலிக்கு ஆள் அனுப்புகிறவரைப் பிடித்து, சகாயம் மூன்று நாளில் நம்பரை வாங்கிவிட்டாள். புதன்கிழமை பேசினேன். முதலில் ஏதோ கல்யாண வேலைக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து எத்தனை இலை என்று கேட்டாள். சொன்னதும், "அட, அந்தப் புள்ளையா நீயி? நல்லாருக்கியாத்தா?" என்றாள். யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "யாரு சொல்லித் தருவா? ஆறு வருசம் ஆசுபத்திரியில வார்டு கூட்டுனேன். நர்சம்மாக ஒரு நாள் ஒரு ஆளுக்குச் செஞ்சாக. வெளக்குமாத்த வெச்சுக்கிட்டு நின்னு பார்த்தேன். அம்புட்டுத்தேன்." கடிகாரத்தை எதற்குப் பார்த்தீர்கள் என்றேன். "அஞ்சு நிமிசத்துக்கு மேல போச்சுன்னா வண்டி கூப்பிடணும்னு அன்னைக்குச் சொன்னாக. ஒனக்கு அம்புட்டு ஆகல." அவளுக்கு இது ஒரு விஷயமாகவே இல்லை. ஒரே ஒரு தடவை, துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தது. அது எத்தனையோ வருடம் அவளுக்குள் சும்மா கிடந்து, ஒரு பந்தியில், இலைக் கூடையை இறக்கி வைத்ததும் எழுந்து வந்திருக்கிறது. ஒருவர் ஒரு தடவை சரியாகப் பார்த்தால் போதும். இதைத்தானே நான் ஒரு வருடமாகச் சொல்லத் தெரியாமல் திணறிக்கொண்டிருக்கிறேன், படம் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் விழிப்புணர்வு, விழிப்புணர்வு என்று. கடைசியாகக் கேட்டேன், என் காதில் என்ன சொன்னீர்கள்? "என்னத்தச் சொன்னேன்... துணியெல்லாம் சரியா இருக்குத்தா, பயப்படாதன்னு சொல்லிருப்பேன். எந்திரிக்கிற பொம்பளைக்கு மொதல்ல அதான கவலை." படத்தில் வருவீர்களா, முகம் தெரியுமே என்றேன். "நல்லாத் தெரியட்டும். எங்க வீட்டுக்காரரு நான் ஒண்ணுத்துக்கும் ஆவேன்னு இன்னும் நம்பல" என்றாள்.

வெளிச்சம் நின்றுவிட்டது. இமைக்குள் பச்சையாக ஏதோ மிதக்கிறது. ஆக, படம் கைக்குள் வந்துவிட்டது. விழுந்தவளைப் பற்றியது இல்லை, சுற்றி நின்றவர்களைப் பற்றியது. சகாயத்தின் நடிகை வேண்டாம். அந்தக் கல்யாண வீட்டில் போய் அனுமதி கேட்க வேண்டும், தராவிட்டால் அந்தத் துண்டு வேண்டாம், பஞ்சவர்ணம் அதே மாதிரி ஒரு தரையில் உட்கார்ந்து சகாயத்தை ஒருக்களித்துப் படுக்க வைத்துக் காட்டட்டும், சகாயம் நன்றாகப் படுப்பாள். தந்தால், மற்ற எல்லா முகத்தையும் மறைத்துவிட்டு என் முகத்தை அப்படியே விட வேண்டும். அந்த ஆள் கரண்டியோடு குனிகிற இடத்தில் படத்தை நிறுத்தி, நான் வந்து வாயைத் திறந்து பாதிப் பல்லைக் காட்டுவேன். அதுவே போதும், ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. என் அண்ணன் அந்த இடத்தில் தலை குனிந்துகொள்வான். குனியட்டும், பிறகு நிமிர்வான். சனிக்கிழமை ஆரம்பிக்கலாம். சனிக்கிழமை பஞ்சவர்ணத்துக்கு வேலை இல்லை, கேட்டுவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் ஏதோ ஒன்று மாட்டிக்கொண்டு வர மறுக்கிறது, துணியில் முள் மாதிரி. செல்லக்கனி அக்கா இல்லாமலே படம் நிற்கும் என்று தெரிந்துகொண்டதும் நேற்றுப் போனில் நான் கத்தியது இன்னும் அசிங்கமாகத் தெரிகிறது. என் படம் நிற்பதற்காக அவரை நிறுத்தி வைக்கப் பார்த்தேன். இனி அவர் எனக்குத் தேவையில்லை. தேவையில்லை என்றான பிறகுதான் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது என்றால் அது என்ன மன்னிப்பு? பரவாயில்லை. எப்படிப்பட்டதாக இருந்தாலும் கேட்டுவிட வேண்டும், இன்றைக்கே, இங்கிருந்தே.

"முடிஞ்சுச்சுக்கா. எந்திரிங்க, மெதுவா." பர்வீன் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஈரப் பஞ்சால் துடைக்கிறாள். எப்படி இருக்கு என்று கேட்டேன், தெரிந்துகொண்டே. "டாக்டர்தான் சொல்லுவாங்க" என்கிறாள், எல்லோரும் சொல்கிற மாதிரி. பிறகு, "மூச்சு இழுக்கையில பயந்துட்டீங்கல்ல? கை எறும்பு கடிச்ச மாதிரி அசைஞ்சுச்சு. ஆனா நிறுத்தல நீங்க" என்கிறாள். முடி பசையில் கொத்துக் கொத்தாக நிற்கிறது. கட்டினால் கட்டுக்குள் வராது, அப்படியே விட்டுவிட்டு நடைக்கு வந்து, மருந்துக் கவுன்டருக்குப் பக்கத்தில் தூணோரமாக நின்று போனை உயிர்ப்பித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம், பிறகு அது நின்றது.

"அக்கா, நாந்தான்."

"சொல்லுத்தா. இன்னும் கோவமா?"

"நேத்து நான் பேசுனது தப்புக்கா. உங்களை எடுத்தது முழுசையும் அழிச்சிர்றேன். நாளைக்கு லேப்டாப்பைக் கொண்டாந்து உங்க கண்ணு முன்னாலயே அழிக்கிறேன்."

கத்தரிக்கோலை அவர் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப ஒன் படம்?"

"அதுக்கு ஒரு ஆள் கெடைச்சிட்டாங்க. நிக்கும். நீங்க அதை நெனைக்காதீங்க. பாப்பா கல்யாணத்துக்கு வீடியோவுக்கு யாரைச் சொல்லியிருக்கீங்க?"

"இன்னும் யாரையும் சொல்லல."

"நான் எடுக்குறேன்."

"நீயா?" என்றார். பிறகு மெதுவாக, குத்திக் காட்டாமல், நாளைக்கு மழை வருமா என்று கேட்கிற மாதிரி, "மண்டபத்துல ஒனக்கு வந்துருச்சுன்னா?"

"வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. ரெண்டு மூணு நிமிஷம். அப்புறம் எனக்கு ஒரு நாற்காலி போடுங்க. மிச்சத்த சகாயம் எடுப்பா."

சிரித்தார். பதிலுக்கு நானும் சிரித்தேன், கவுன்டரில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு சட்டென்று நின்றது. மிஷின் சக்கரத்தை அவர் கையால் மெல்ல உருட்டுகிறார் போல, கடகடவென்று ஒரு சின்னச் சத்தம்.

"எனக்கு வந்துருச்சுன்னா லோசனி?" குரல் கிட்டத்தட்டக் காற்றாகிவிட்டது. "அத்தனை சம்பந்தக்காரங்க முன்னால. எம்புள்ளை மேடையில நிக்கையில. நீ எடுத்துக்கிட்டு இருக்கையில."

பதினைந்து வருடத் தொழிலில் நான் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் முதலில் சொல்லித் தருவது, மண்டபமே இடிந்தாலும் கேமராவை நிறுத்தாதே என்பதுதான். தாலி கட்டுகிற நொடி ஒரு தடவை போனால் போனதுதான்.

"கேமராவைக் கீழ வெச்சுட்டு உங்ககிட்ட வருவேன்க்கா" என்றேன்.

"தாலி கட்டுற நேரமா இருந்தாலா?"

"இருந்தாலும்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, பிறகு தொண்டையைச் செருமினார், பிறகு அவருடைய பழைய குரல், ஊக்கை வாயில் கடித்துக்கொண்டு பேசுகிற குரல்.

"தை இருபத்தொண்ணு. ஒம்போது மணி முகூர்த்தம். பொண்ணு அலங்காரத்துல இருந்து வேணும், ஆறு மணிக்கெல்லாம் வந்துரணும், சொல்லிப்புட்டேன்."

"வந்துர்றேன்க்கா" என்றேன்.